பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், துறைமுகத்தை நோக்கி விரையும் கொள்கலன் லோரிகளின் ஓசை நள்ளிரவிலும் ஓயாத தெலுக் பங்லிமா காராங்கில், தொழிற்பேட்டையின் மாலை ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் இளைஞர்களில் சிலர், கையிலிருக்கும் தொலைபேசியையே காமிராவாகக் கொண்டு, பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ ஓடக்கூடிய ஒரு சிறு நாடகத்தைப் படமாக்கிப் பார்க்க ஆசைப்படுவது இன்று ஆச்சரியத்துக்குரிய செய்தி அல்ல. அவர்களில் பெரும்பாலோர் மர்மக் கதையையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்வு சரியானதே. காதல் கதைக்குப் பாட்டும் ஊர்ச்சுற்றலும் வேண்டும்; சரித்திரக் கதைக்கு அரண்மனையும் ஆடையாபரணங்களும் வேண்டும்; மர்மக் கதைக்கோ ஒரு வீடும், ஓர் இரவும், இரண்டு மூன்று மனிதர்களும், ஒரு கதவும் இருந்தாலே போதும். பணம் குறைந்தவனுக்குக் கைகொடுக்கும் கலை வடிவம் அது.

ஆனால் இத்தகைய சிறு நாடகங்கள் பலவற்றில், கதை தொடங்கிய சில நிமிஷங்களுக்குள்ளாகவே ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்திடம் நடந்தது, நடப்பது அனைத்தையும் வாய்மொழியாக விவரித்துவிடுகிறது; பிறகு பின்னணி இசை இடி முழக்கமாக எழுந்து, 'இப்பொழுது பயப்படுங்கள்' என்று நமக்கு உத்தரவிடுகிறது; இறுதியில் இருட்டிலிருந்து ஒரு முகம் திடீரெனப் பாய்ந்து வருகிறது. நாம் திடுக்கிடுகிறோம். அடுத்த க்ஷணமே அதை மறந்தும் விடுகிறோம். உழைப்பிலே குறையில்லை, ஆர்வத்திலே குறையில்லை. ஆயினும் நெஞ்சைப் பிடித்து நிறுத்தும் அந்தப் பதைப்பு மட்டும் வரவில்லை. வரப்போகும் ஆபத்தைப் பார்ப்பவரிடமிருந்து மறைத்து வைத்தால்தான் மர்மம் உண்டாகும் என்று இவர்கள் நம்புவதே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். கதைக்குள் இருப்பவன் அறியாத ஒன்றை நாம் முன்கூட்டியே அறிந்துகொண்டு, அதை அவனுக்குச் சொல்ல முடியாமலும், பார்ப்பதை நிறுத்த மனம் வராமலும் தவிக்கிறோமே, அந்தத் தவிப்பிலேதான் இவ்வகை நாடகத்தின் உயிர் இருக்கிறது. அந்த ரகசியத்தை நம்மிடம் ஒப்படைக்கும் வேலையைப் பேச்சு செய்யக்கூடாது. காட்சி செய்ய வேண்டும்.

இந்த உண்மையைக் கற்க மேனாட்டுக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை எண்ணிப் பாருங்கள். கோவலன் ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தியவனாய்ப் பொற்கொல்லனை அணுகும்போதே, அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லன்தான் என்பதை இளங்கோ நமக்குச் சொல்லிவிடுகிறார். கோவலனுக்கு அது தெரியாது, பாண்டியனுக்கும் தெரியாது, மாதரியின் மனையிலே தன் கையால் சமைத்துக் கணவனுக்கு அமுது படைத்து அனுப்பிய கண்ணகிக்கும் தெரியாது. பொற்கொல்லனைத் தவிரத் தெரிந்த ஒரே மனிதர் படிப்பவர்தாம். அதற்கு மேலும் ஒரு படி போகிறார் ஆசிரியர். கொலைக்களக் காதையிலே கோவலன் வெட்டுண்டு வீழ்ந்துவிடுகிறான். அதற்கு அடுத்த ஆய்ச்சியர் குரவையிலோ, குடத்துப் பால் உறையவில்லை, எருதின் கண்ணில் நீர் வழிகிறது, உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை, ஆவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது என்று துர்நிமித்தங்களைக் கண்டு கலங்கிய ஆயர்குலப் பெண்கள், வரப்போகும் தீங்கை விலக்கும் பொருட்டுக் கண்ணகியின் முன்னே குரவை ஆடுகிறார்கள். தீங்கு ஏற்கெனவே நேர்ந்து முடிந்துவிட்டது என்பதை அறிந்த நாம், அந்த ஆட்டம் முழுவதையும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. பால், கண்ணீர், வெண்ணெய், மணி என்று அவர் அடுக்கும் நான்கும் கண்ணுக்கும் காதுக்கும் புலனாகும் பொருள்கள் என்பதைச் சிறு நாடகம் எழுத முற்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும். 'எனக்கு என்னவோ பயமாயிருக்கிறது' என்று ஒருத்தியைப் பேசவைத்து அவர் வேலையை முடித்துக்கொள்ளவில்லை.

இதே தத்துவத்தை இருபதாம் நூற்றாண்டில் சலனப் படத்துக்குரிய சூத்திரமாக வகுத்துச் சொன்னவர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூபோ அவரைச் சந்தித்துப் பல நாள் உரையாடி, பின்னர் 1966இல் நூலாக வெளியிட்ட பேட்டியிலே, மேஜைக்கு அடியில் வைத்த வெடிகுண்டைப் பற்றிய அவருடைய விளக்கம் உலகப் பிரசித்தம். இருவர் மேஜையருகே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கையில், எவரும் எதிர்பாராதபடி குண்டு வெடித்தால், பார்ப்பவருக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. அந்தக் குண்டை ஒருவன் அங்கே வைப்பதை முன்பே காட்டி, அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதையும் தெரிவித்து, சுவரிலே உள்ள கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டுவதையும் காட்டிவிட்டால், அதே சுவையற்ற உரையாடல் பதினைந்து நிமிஷமும் நம்மைத் துடிக்க வைத்துவிடும். பேச்சிலே ஒரு வார்த்தைகூட மாறவில்லை. மாறியது பார்ப்பவரின் அறிவு மட்டுமே.

ஹிட்ச்காக்கின் பெரும் படங்கள் பலருக்கும் தெரியும். ஆனால் சிறு நாடகத்தைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு அவற்றைக் காட்டிலும் பிரயோஜனமானது, 1955 அக்டோபர் 2ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் பெயரால் தொடங்கிய அரைமணித் தொடரே என்பேன். விளம்பரம் போக ஏறத்தாழ இருபத்தைந்து நிமிஷம்; அதற்குள் ஒரு கதை தொடங்கி, வளர்ந்து, முடிந்தாக வேண்டும். அவ்வாண்டு நவம்பர் 13இல் ஒளிபரப்பான 'பிரேக்டவுன்' என்ற நாடகத்தை அவரே இயக்கினார். கதாநாயகன் ஈவிரக்கமற்ற ஒரு வியாபாரி. ஜோசப் காட்டன் அந்த வேஷத்தை ஏற்றிருந்தார். தொடக்கத்திலே, வேலையை இழந்த ஊழியர் ஒருவர் தொலைபேசியில் அழுகிறார். ஆண்பிள்ளை அழுவதா என்று வியாபாரி அருவருப்போடு கேட்டுக்கொண்டிருக்கிறான். பின்னர் அவன் காரில் தனியே போகும்போது, சாலையில் வேலை செய்துகொண்டிருந்த கைதிகளின் கூட்டத்தருகே பெரிய விபத்து நேர்கிறது. அவன் சாகவில்லை. ஆனால் உடம்பிலே எந்த அங்கமும் அசையவில்லை, நாக்கு எழவில்லை, கண் திறந்தபடி இருக்கிறது.

இனி நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். காமிரா அந்த அசையாத முகத்தின் மேலேயே நிலைத்து நிற்கிறது. அவன் மனத்துக்குள் அலறுவதை நாம் கேட்கிறோம். சுற்றியுள்ள எவரும் கேட்கவில்லை. தப்பியோடும் கைதிகள் வந்து, பிணம் என்றெண்ணி அவன் உடைமைகளைப் பறித்துக்கொண்டு போகிறார்கள். ஒரே ஒரு விரல் மட்டும் அசைகிறது என்பதை அவன் கண்டுகொள்கிறான்; அதைத் தட்டித் தட்டித் தான் உயிரோடிருப்பதைத் தெரிவிக்கலாம் என்று நம்புகிறான். தட்டும்போதோ வேறு சத்தம் அதை அமுக்கிவிடுகிறது. பிணக்கிடங்குக்கே கொண்டுபோய்த் துணியால் மூடிவிடுகிறார்கள். கடைசியில், எதை அவன் ஆரம்பத்தில் இகழ்ந்தானோ அந்தக் கண்ணீர், அவன் கண்ணிலிருந்து வழிந்து, பரிசோதிக்க வந்தவரின் பார்வையில் பட்டு அவனைக் காப்பாற்றுகிறது. துரத்தல் இல்லை, சண்டை இல்லை, இருட்டிலிருந்து பாயும் முகமும் இல்லை. ஒரு மனிதன் அசையாமல் கிடக்கிறான். அவன் உயிரோடிருப்பது நமக்கு மாத்திரம் தெரியும். முடிவிலே வரும் கண்ணீரும் எங்கிருந்தோ குதித்துவிடவில்லை. முதல் காட்சியிலேயே விதைத்த விதைதான் முளைத்தது. குறைந்த நேரமே உள்ள நாடகத்தில் ஒரு பொருளோ செயலோ ஒரு முறை மட்டும் பயன்பட்டால் அது வீண் செலவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் கண்டதில்லை.

அசையாத முகம் எப்படி இத்தனை உணர்ச்சியைத் தாங்குகிறது என்று கேட்பவர்களுக்கு, ரஷ்ய நாட்டுத் திரைப்பட இயக்குநர் குலெஷோவ் செய்து காட்டிய பரீட்சை விடை சொல்லும். ஒரு நடிகரின் பாவமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் தனித்தனியே ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் அந்த ஒரே முகத்தில் கண்டார்களாம். எதைப் பார்த்தபின் எதைப் பார்க்கிறோம் என்பதே அர்த்தத்தை உண்டாக்குகிறது. ஆகவே நடிகர் கண்ணை உருட்டி விழிக்க வேண்டிய தேவையில்லை. எந்தக் க்ளோஸ்-அப்புக்குப் பிறகு எந்தக் க்ளோஸ்-அப் வருகிறது என்பதை இயக்குபவர் யோசித்திருந்தால் போதும்.

தமிழிலே இந்த வித்தையைத் துணிந்து கையாண்ட முன்னோடியாக நான் போற்றுவது எஸ். பாலசந்தரை. வீணை வித்துவான் என்ற முறையில் உலகம் அவரை நன்கறியும். 1982இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். ஆனால் 1954 ஏப்ரல் 13ஆம் தேதி வெளியான 'அந்த நாள்' என்ற படத்தை ஏவி.எம். நிறுவனத்துக்காக இயக்கியவர் அவரே என்பது இன்றைய தலைமுறையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்களில் டஜன் கணக்கில் பாட்டுகள் நிறைந்திருந்த மரபு அப்பொழுதும் மறையாதிருக்க, சங்கீதத்தையே உயிர்மூச்சாகக் கொண்ட ஒருவர், ஒரு பாட்டும் இல்லாமல், நடனமும் சண்டையும் இல்லாமல் ஒரு முழு நீளத் தமிழ்ப் படத்தை எடுத்தார். இதை வெறும் புதுமை மோகம் என்று தள்ளிவிடக் கூடாது. பாட்டு வந்தால் கதையின் காலம் நின்றுபோகிறது. கடிகார முள்ளும் பாட்டு முடியும்வரை காத்திருக்கிறது. பார்ப்பவர் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். எங்கே மௌனம் வேண்டும் என்பதைச் சங்கீதக்காரனைத் தவிர வேறு யார் அத்தனை நுட்பமாக அறிவார்?

ஜாவர் சீதாராமன் எழுதிய அந்தக் கதை, 1943 அக்டோபர் 11ஆம் தேதி இரவு சென்னைமேல் ஜப்பானியர் குண்டு வீசிய சம்பவத்தைப் பின்னணியாகக் கொண்டது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்ற ரேடியோ எஞ்சினியர் பாத்திரம், படம் தொடங்கிய உடனேயே சுடப்பட்டு விழுகிறது. கதாநாயகனைத் தொடக்கத்திலேயே சாகடித்துவிட்டு, அவனை அறிந்த ஒவ்வொருவரும் சொல்லும் சாட்சியத்தின் வழியே அவன் வாழ்க்கையை வெவ்வேறு கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ராஷோமோன்' படம் தந்த தூண்டுதல் அது. எஸ். மாருதிராவின் ஒளிப்பதிவில் நிழல் ஒரு பாத்திரமாகவே நடமாடுகிறது. சுட்டது யார் என்பதைச் சொல்லி இன்னும் பார்க்காதவர்களின் இன்பத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இன்னார் சொல்வதைக் கேட்கும்போது நமக்கு உண்டாகும் தீர்மானம், அடுத்தவர் பேசத் தொடங்கியதும் காலடியிலிருந்து நழுவிப் போவதை அனுபவிக்கவாவது அதை ஒரு முறை பார்க்க வேண்டும். முதல் வெளியீட்டில் வசூல் திருப்திகரமாக இல்லை. தமிழில் இரண்டாவது சிறந்த படத்துக்கான தேசியத் தகுதிச் சான்று மட்டும் அதைத் தேடி வந்தது.

மலேசியத் தமிழர்கள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது சென்னைக்காரர்களுக்கு இல்லாத ஒரு கலக்கம் நேர்வது இயற்கை. ஜப்பான் உதவியால் இந்தியா விடுதலை பெறும் என்று நம்பி எதிரிக்குத் துணைபோகிறவன் ராஜன். சென்னையில் நடக்கும் கதையில் அது துரோகம். அதே அக்டோபர் மாதத்தில், குண்டு விழுந்த பத்தாம் நாளான 21ஆம் தேதி, சிங்கப்பூரில், அதுவும் கேத்தே என்னும் சினிமாக் கொட்டகையில், நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக சர்க்காரைப் பிரகடனம் செய்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்களும் பெண்களும் அவர் படையில் சேர்ந்தார்கள். அதே காலத்தில் அதே தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில்வேக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். ஒரே ஜப்பானியனிடம் நம்பிக்கையும் நரகமும் கண்ட சமூகம் இது. ஆகையால் ராஜனைக் குற்றவாளி என்று உடனே தள்ளவும் முடியாமல், ஏற்கவும் முடியாமல் இங்குள்ள மனம் இரண்டாகப் பிளவுபடும். கதை சொல்பவர் தராத இந்த இரண்டாவது பதைப்பு, பார்ப்பவரின் சொந்தச் சரித்திரத்திலிருந்து வந்து படத்தோடு சேர்ந்துகொள்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் படமெடுக்கும் இளைஞர்கள் தம் ஊரையும் தம் பெரியவர்களின் ஞாபகத்தையும் விட்டுவிட்டு, சென்னையின் சந்துகளை இங்கே நகலெடுக்க முயலும்போது இந்தப் பெரும் செல்வத்தை இழக்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

பாலசந்தர் பத்தாண்டு கழித்து, 1964இல், 'பொம்மை' என்ற படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார். பணத்துக்காக ஒரு செல்வந்தரைக் கொல்லச் சதி செய்கிறவர்கள், ஒரு பொம்மைக்குள்ளே வெடிகுண்டை வைத்துக் கொடுத்தனுப்புகிறார்கள். பொம்மையோ சேர வேண்டிய இடம் சேராமல் தவறிப்போய், ஊரெல்லாம் கைமாறிக் கைமாறித் திரிகிறது. மேஜைக்கு அடியில் இருந்த குண்டுக்குக் கால் முளைத்து நடக்கத் தொடங்கியதாக வைத்துக்கொள்ளலாம். அதை வாங்கி மகிழும் ஒவ்வொருவர் முகத்திலும் சிரிப்பு மலர மலர நமக்கு வயிறு கலங்குகிறது. இந்தப் படத்தில் பாட்டுகள் உண்டு. ஜேசுதாஸின் குரலைத் தமிழ்த் திரையில் முதலில் ஒலிக்கச் செய்ததும் இதுவே. பாட்டே கூடாது என்பது அவருக்கு விரதம் அல்ல என்பதையும், கதைக்குத் தக்கபடி முடிவு செய்தார் என்பதையும் இதனால் அறியலாம். அணைத்துக்கொள்ளத் தோன்றும் ஒரு பொருளை ஆபத்தின் உறைவிடமாக ஆக்கியதுதான் அவருடைய பெரிய சாமர்த்தியம். கத்தியையும் துப்பாக்கியையும் கண்டு பயப்படுவதற்கு நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வீட்டிலே தினமும் கண்ணில் படும் ஒரு பொருளைக் கண்டு நடுங்க வைப்பவனே கலைஞன்.

அத்தகைய பொருள் நம் வீடுகளில் எது? என் மனத்தில் நெடுநாளாக இருந்துவரும் ஒன்றைச் சொல்கிறேன்; விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தமிழர் வீட்டு வாசலில் காலணி கழற்றிப் போடாதவர் இல்லை. வாசற்படியைப் பார்த்தாலே வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டுவிடலாம். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தாமானில் வரிசையாக அமைந்த தரை வீடுகளில் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மாலை நேரம். வாசலில் அம்மாவின் ரப்பர் சிலிப்பர். பையனின் கறுப்புப் பள்ளிக்கூடக் காலணி. பக்கத்தில் தொழிற்சாலை பூட்ஸ் ஒரு ஜோடி. முதல் நிமிஷத்திலேயே அப்பா வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் இரவு ஷிப்டுக்குப் போகிறார். பூட்ஸ் இருந்த இடம் வெறுமையாகிறது. வீட்டில் ஆண் துணை இல்லை என்பதை இனி எவரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மழை பிடிக்கிறது. அம்மா கொல்லைக்கு ஓடிக் கொடியிலிருந்த துணிகளை அள்ளுகிறாள். அந்த இடைவேளையில் காமிரா மீண்டும் வாசலுக்கு வருகிறது. சிலிப்பருக்கும் பள்ளிக் காலணிக்கும் பக்கத்தில், சேறு அப்பி நனைந்த ஆண் காலணி ஒரு ஜோடி கிடக்கிறது. அவ்வளவுதான். இசை எழக் கூடாது. காமிரா பாய்ந்து அருகே போகக் கூடாது. ஏதோ வழக்கமான காட்சிபோல மூன்று விநாடி காட்டி நகர்ந்துவிட வேண்டும். எண்ணிப் பார்ப்பவர் எண்ணிக்கொள்வார். அம்மா கை நிறையத் துணியோடு முன்கட்டுக்கு வருகிறாள். துணிக் குவியல் மறைப்பதால் கீழே பார்வை போகவில்லை. கிரில் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, சாவியை ஆணியில் மாட்டுகிறாள். அப்போது கைத்தொலைபேசி ஒலிக்கிறது. தொழிற்சாலை பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் மூத்த மகள்.

"அம்மா, யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலம்மா. கிரில்லைப் பூட்டிட்டேன், நீ பார்த்து வா."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேச்சு தேவையில்லை. காவலுக்காகப் போட்ட பூட்டே அவளையும் பையனையும் அந்நியனோடு சேர்த்து அடைத்துவிட்டது என்பது நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. அடுத்து வரும் ஏழெட்டு நிமிஷமும் அவள் செய்வதெல்லாம் நித்திய வேலைகளே. அடுப்பிலே பாலை வைக்கிறாள். பையன் வீட்டுப்பாடம் எழுதுகிறான். பென்சில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போகிறது. எடுப்பதற்காக அவன் குனிகிறான். குனிந்தவன் எதையும் காணாமல் பென்சிலோடு நிமிர்கிறான். அந்தக் குனிதலை எத்தனை நேரம் நீட்டுவது என்பதிலேதான் இயக்குபவரின் திறமை சோதிக்கப்படுகிறது. அதிகம் நீட்டினால் தந்திரம் வெளிப்பட்டுவிடும். குறைத்தால் காட்சி வீணாகும். பால் பொங்கி வழியப் போகும் தறுவாயில் அடுப்பருகே நிற்பவளின் கவனம் எப்படி இருக்குமோ, அப்படி ஒவ்வொரு காட்சியின் விளிம்பிலும் இயக்குபவர் விழிப்போடு இருந்தாக வேண்டும். அந்நியனை மட்டும் எக்காரணங்கொண்டும் காட்டக் கூடாது. காட்டிவிட்டால் அவன் ஐந்தரை அடி மனிதன். காட்டாதவரை வீடு முழுவதும் அவனே.

சத்தத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. மழை துத்தநாகக் கூரையில் கொட்டும் ஓசை, சாலையில் லோரி கடக்கும்போது சன்னல் கண்ணாடி அதிர்வது, மழை விட்டதும் வடிகாலில் தவளைகள் கத்துவது, அந்தத் தவளைகள் திடீரென்று ஓய்ந்துபோவது ஆகிய இவையே போதுமான பின்னணி. லோரியின் விளக்கு வெளிச்சம் சுவரில் ஊர்ந்து போகும்போது சாவி மாட்டிய ஆணி ஒரு கணம் மின்னட்டும். சாவி அங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பவர் தேடத் தொடங்கிவிடுவார்.

சிறு படத்தைப் பயிற்சிக்கூடமாக்கி வந்தவர்கள் பெரும் படங்களிலும் இந்தச் சிக்கனத்தை மறக்கவில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்புராஜ், 2012இல் வந்த 'பீட்சா'வில் படத்தின் பெரும் பகுதியை ஒரே வீட்டின் இருட்டுக்குள், ஒரு டார்ச் வெளிச்சத்தில் நடத்திச் சென்றார். நம் நாட்டிலேயே 2022இல் திரையரங்குகளுக்கு வந்த ஜே.கே. விக்கியின் 'பூச்சாண்டி', ஒரு பழைய நாணயத்தை நடுவில் வைத்து நண்பர்களைச் சுற்றி உட்காரவைத்தே அச்சத்தை எழுப்பியது. ஷான்ஜெய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வெளிவந்து மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான பிறகு, தோட்டத்திலிருந்து பெயர்ந்த தமிழரின் வாழ்வை இந்த நாட்டின் எல்லா இனத்தாரும் தமிழிலேயே பார்ப்பார்கள் என்ற தைரியம் நமக்கு வந்திருக்கிறது.

முடிவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சிறு மர்ம நாடகங்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்கி விழுகின்றன. ஹிட்ச்காக்கே ஒருமுறை விழுந்திருக்கிறார். 1936இல் எடுத்த 'சபோட்டாஜ்' படத்தில், உள்ளே வெடிகுண்டு இருப்பதை அறியாத ஒரு சிறுவன், அந்தப் பொட்டலத்தையும் படச்சுருள் டப்பாக்களையும் சுமந்துகொண்டு லண்டன் வீதிகளில் போகிறான். தெரு வியாபாரி ஒருவன் அவனைத் தாமதப்படுத்துகிறான். ஊர்வலம் ஒன்று வழிமறிக்கிறது. கடைசியில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பக்கத்திலிருந்த நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். கடிகாரங்கள் மாறி மாறித் தோன்றுகின்றன. குண்டு வெடித்துவிடுகிறது. சிறுவன் சாகிறான். அத்தனை நேரம் அவனுக்காகத் துடித்தவர்களுக்குத் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகவே தோன்றியது. அது தம் தவறுதான் என்று ஹிட்ச்காக் த்ரூபோவிடம் ஒப்புக்கொண்டார். பதைப்பை வளர்க்கும்போதெல்லாம் நாம் பார்ப்பவரிடம் கடன் வாங்குகிறோம். அதை எப்படியாவது திருப்பித் தந்தாக வேண்டும். இதற்கு நேர்மாறாக, வந்தவர் வேறு யாருமில்லை, நெடுநாளாகக் காணாத மாமாதான் என்று சொல்லிச் சிரிக்க வைப்பதும் அதே கடனை மறுக்கும் செயலே.

வாசற்படிக் காலணியின் கதைக்கு எனக்கு உகந்த முடிவு ஒன்றுண்டு. மகள் வரும் நேரமாயிற்றென்று அம்மா சாவியை எடுத்துக்கொண்டு கிரில்லண்டை வருகிறாள். அப்போது கீழே பார்க்கிறாள். நமக்கு மட்டும் தெரிந்திருந்தது இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் அலறுவதில்லை. சாவியை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, வழக்கமான குரலிலேயே பையனைப் பால் குடிக்கச் சமையற்கட்டுக்கு அழைக்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது உள்ளே ஒளிந்திருப்பவனுக்குத் தெரியுமா என்பதே கடைசி நிமிஷத்தின் பதைப்பு. சமையற்கட்டுப் பின்கதவு வழியாக இருவரும் வெறுங்காலோடு சந்தில் இறங்கி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால் நாடகம் முடிந்தது. அந்தக் காலணி யாருடையது என்பதைச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. பார்த்துக்கொண்டிருந்தவர் அத்தனை நேரமும் அறிய விரும்பியது பையன் வெளியே வந்து சேர்ந்தானா என்பதை மாத்திரமே.